ஐந்தாவது கருவி

ஜூன் 3, திங்கள்

நெட் மெதுவாக வருகிறது. நேற்று மாலைச் செய்தியில் அமைச்சர் ஒருவர் வாயைத் திறந்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் நின்றார். வழக்கமாக அவர் பேசுவதைவிடத் தெளிவாக இருந்தது என்றாலும், கட்டணம் கட்டுகிறவன் கேள்வி கேட்க வேண்டும். இணைப்புக் கொடுத்த சகாயத்தை வீட்டுக்குக் கூப்பிட்டேன். முன்பு டிவி கேபிள் வைத்திருந்தார், இப்போது ஃபைபர்.

“லைன் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. எத்தன கருவி ஓடுது?”

“போன் ரெண்டு, டிவி, லேப்டாப். நாலு.”

சகாயம் போனில் எதையோ தடவிப் பார்த்தார். “அஞ்சு காட்டுதே.”

இனி அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு இங்கே எழுதி வைப்பதாக இருக்கிறேன். புரியாத சொல்லுக்குத் தலையாட்டுகிறவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவான்.

மோடம்: ஊரிலிருந்து வரும் நெட்டை நம் வாசலில் வாங்கி, வீட்டுக்குப் புரியும்படி மாற்றுவது. ரவுட்டர்: வாங்கியதை எந்தக் கருவிக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஊரே அதை மோடம் என்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

இந்த நாட்குறிப்பு ஒருநாள் நீதிமன்றத்தில் சான்றாவணம் ஆகலாம். ஆகவே பின்னணி.

நான் குற்றாலிங்கம். நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீள வீடு. அப்பா இறந்ததும் பாகம் பிரிந்தது. முன்தெருப் பக்கம் 14ஏ எனக்கு. பின்தெருப் பக்கம் 14பி பிரதிவாதிக்கு. நடுவில் அப்போது எழுப்பிய மெல்லிய சுவர். அந்தச் சுவர் என் பக்கம் ஏழு அங்குலம் ஏறி நிற்கிறது என்பது என் வழக்கு. ஏழாண்டுகளாக நடக்கிறது. அங்குலத்துக்கு ஓர் ஆண்டு.

பிரதிவாதி ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். அவர் எனக்கு என்ன உறவு என்பதை மனுவில் ஒருமுறை எழுதியாகிவிட்டது. இங்கே தேவையில்லை.

இரண்டு வாசலும் வெவ்வேறு தெருவில் இருப்பதால் ஒருவரை ஒருவர் பார்ப்பது நீதிமன்ற வராந்தாவில்தான். கடைசி இரண்டு வாய்தாவுக்கு அவர் அங்கும் வரவில்லை. ஜூலை 2-ம் தேதியும் வராவிட்டால் தீர்ப்பு நம் பக்கம்தான் என்கிறார் வக்கீல் பாலையா. வக்கீலுக்கு மகிழ்ச்சி. எனக்குச் சந்தேகம். நாற்பது ஆண்டு காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குத் தவறாமல் போன மனிதர் காரணமில்லாமல் எதற்கும் வராமல் இருக்க மாட்டார்.

இன்னொன்று. ஐந்தாண்டுக்கு முன் என் மொட்டைமாடி வழியாக 14பி-க்கு நெட் ஒயர் இழுக்கப் பார்த்தார்கள். தடையுத்தரவு வாங்கினேன். பின்தெருவில் கம்பம் கிடையாது. பழைய தடித்த சுவருக்குள் செல்போன் சிக்னலும் எடுக்காது. எனவே 14பி-யில் நெட் இல்லை. இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜூன் 5, புதன்

ஐ.பி. முகவரி: ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் கதவு எண். நிரந்தரம் அல்ல. கருவி போய் வந்தால் வேறு எண் விழலாம். இப்படி எண்களை வாடகைக்கு விடும் ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர்.

மேக் முகவரி: கருவியோடு பிறந்த அடையாளம். பன்னிரண்டு எழுத்து. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் மாறாது. மச்சம் மாதிரி.

ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கச் சகாயம் கற்றுக்கொடுத்தார். நான்கு கருவிகளுக்குப் பெயர் இருக்கிறது. ஐந்தாவதற்கு இல்லை. காலை ஆறுக்கும் இருக்கிறது, மாலை ஆறுக்கும் இருக்கிறது. நகர்வதே இல்லை.

மனைவி உலகம்மாள் இன்று கஞ்சி காய்ச்சினாள். நாங்கள் இருவர். பானையில் மூன்று பேர் கஞ்சி இருந்தது. மதியம் பார்த்தபோது பானை காலி. கேட்டேன்.

“பசிச்சுது, குடிச்சேன். அதையும் அளப்பியளா?”

ஜூன் 7, வெள்ளி

சுவருக்கு அப்பால் தட்டும் சத்தம். ஒரு தட்டு, சிறிது நேரம் கழித்து இன்னொரு தட்டு. காலை ஏழு பத்துக்குத் தொடங்கியது. சத்தம் ஒரே இடத்தில் இல்லை, சுவரோரமாக நகர்கிறது. நான் என் பக்கம் காதை வைத்துக்கொண்டே கூட நடந்தேன். தொடங்கிய இடத்திலும் நின்ற இடத்திலும் குறி வைத்து டேப் போட்டேன். பதினோரு அடி.

சுவரில் எந்த இடம் உள்ளீடற்றது என்று தட்டிப் பார்க்கிறார். இடிப்பதற்கு முந்தைய வேலை.

ஜூன் 8, சனி

எஸ்.எஸ்.ஐ.டி: நம் வைஃபையின் பெயர்ப்பலகை. சுவருக்கு அப்பால் இருப்பவரும் படிக்கலாம். கம்பெனி வைத்த பெயரை எடுத்துவிட்டு ‘14ஏ மட்டும்’ என்று மாற்றினேன்.

கடவுச்சொல்லையும் மாற்றினேன். மறக்காத எண்ணாக இருக்க வேண்டும் என்பதால் வழக்கு எண்ணும் ஆண்டும். உலகம்மாளின் போனுக்கு வேண்டுமே என்று காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

காலையில் மாற்றினேன். மதியம் ஐந்தாவது கருவி திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 10, திங்கள்

என் தவறு புரிந்தது. வழக்கு எண்ணைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய மனிதர் உலகில் இருவர்தான். நான் வாதி, மற்றவர் பிரதிவாதி.

சனி மாலை அப்பா இறந்த தேதிக்கு மாற்றினேன். ஞாயிறு காலை வந்துவிட்டது. வீட்டின் சர்வே எண்ணுக்கு மாற்றினேன். மாலையில் வந்துவிட்டது. இன்று அப்பா எங்கள் இருவருக்குமாக வாங்கிய சைக்கிளின் எண். பிரதிவாதி முன்னால் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போன வண்டி. இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது.

வெகு நேரம் யோசித்தேன். எனக்கு மனப்பாடமாக இருந்து, அவருக்குத் தெரியாத எண் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அறுபத்து நான்கு வயதில் ஒருவன் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல இது.

ஒவ்வொரு முறையும் காலண்டரில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் இருப்பவருக்குத் தொந்தரவு வரக்கூடாது.

ஜூன் 12, புதன்

பேண்ட்வித்: குழாயின் அகலம். எத்தனை பேர் குளிக்கிறார்களோ அத்தனை பேருக்கும் பங்கு. டவுன்லோட்: நாம் வாங்குவது. அப்லோட்: நாம் அனுப்புவது.

சகாயம் ஐந்தாவது கருவியின் கணக்கைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

“படம் பாக்குதவன்னா வாங்கத்தான் செய்வான் அண்ணாச்சி. இது வாங்கவே மாட்டேங்கு. அனுப்பிக்கிட்டே கெடக்கு. கேமராவா இருக்கும்.”

அப்போது உலகம்மாள் காப்பி கொண்டு வந்தாள். சகாயம் அவளைப் பார்த்தார். அவள் சகாயத்தைப் பார்த்தாள்.

“இல்லன்னா... மெஷின் கோளாறா இருக்கும்,” என்றார் சகாயம். “பழைய ரவுட்டரு அப்பிடித்தான். வெறுங்கணக்கு காட்டும்.”

போன ஆண்டுதான் அவர் புதிது என்று சொல்லித் தந்த ரவுட்டர். ஒரு காப்பியில் ஒரு நிபுணரின் கருத்து மாறும் என்றால், நீதிமன்றங்களில் என்ன நடக்காது?

கேமரா. என்னைப் பார்க்கிறது. என் நெட்டிலேயே.

ஜூன் 13, வியாழன்

14பி-க்கு ஒருவன் மோட்டார் சைக்கிளில் வருகிறான். திங்களும் வியாழனும் பத்து மணிக்கு. சுவரில் காதை வைத்தேன். “இடது. இடது. இன்னும் கொஞ்சம் இடது. சபாஷ்,” என்கிறான்.

தனியார் சர்வேயர். எனக்கு இடதுபுறம்தான் அந்த ஏழு அங்குலம்.

ஜூன் 14, வெள்ளி

ஏணி வைத்துச் சுவரின் முழு நீளமும் சோதித்தேன். ஓட்டை, ஒயர், கண்ணாடி எதுவும் தென்படவில்லை. முருங்கை மரத்தில் ஒரு பழைய பட்டத்தின் வால். அதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

உலகம்மாள் கீழே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“இந்த வயசுல ஏணியில ஏறி என்னத்தத் தேடுதிய?”

“கேமரா. அவன் என்னைய வேவு பாக்கான்.”

“அத்தானுக்கு ஒங்கள வேவு பாக்கதுதான் சோலியா? பாக்கணும்னா நேர வந்து பாத்திருப்பாவ.”

“வர மாட்டான். வீம்பு.”

“வர முடிஞ்சா வந்திருப்பாவ.”

சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை.

ஃபயர்வால்: வெளியாள் உள்ளே நுழையாமல் ரவுட்டர் எழுப்பும் சுவர். உள்ளே இருப்பவர் வெளியே அனுப்புவதை அது பெரும்பாலும் தடுப்பதில்லை என்கிறார் சகாயம். அப்படியானால் சுவரால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டேன். “அத நீங்கதான் சொல்லணும்,” என்றார்.

ஜூன் 17, திங்கள்

தட்டு இன்று பதினாறு அடி. தினமும் அரை அடி கூடுகிறது. நானும் தினமும் ஏழு பத்துக்கு என் பக்கம் நடக்கிறேன். அவர் நின்றால் நிற்கிறேன். சில சமயம் பாதியில் வெகுநேரம் நின்றுவிடுகிறார். சுவர் அங்கே உறுதியாக இருக்கிறது போலும்.

ஜூன் 18, செவ்வாய்

நான் பிப்ரவரியில் கண் ஆபரேஷனுக்காகச் சென்னையில் பத்து நாள் இருந்தபோது இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்ததாகப் பால்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். யாருக்கு என்று உலகம்மாளிடம் கேட்டேன். “பின்தெருவுல யாருக்கோ,” என்றாள்.

பின்தெருவில் நாற்பது வீடு இருக்கிறது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 19, புதன்

காலை 10.00. மேக் வடிகட்டி: ஒரு கருவியின் மச்சத்தை ரவுட்டரிடம் சொல்லி, இவனை மட்டும் சேர்க்காதே என்பது. கடவுச்சொல் தெரிந்தாலும் பயனில்லை. ஐந்தாவது கருவியின் பன்னிரண்டு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். தடை. பட்டியலில் இப்போது நான்கு.

உலகம்மாள் தையல்காரியிடம் போயிருக்கிறாள். வீடு அமைதி. தட்டுச் சத்தமும் இல்லை. கண்ணைக் குத்தியதும் கை நின்றுவிட்டது.

11.20. சுவருக்கு அப்பால் பெருஞ்சத்தம். ஏதோ சரிந்து விழுந்தது. சுவரை இடித்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல நேரம் வராது. போனில் பதினொரு சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது. படம் எடுக்க வேண்டும். ஏறட்டும்.

11.40. மனுவின் முதல் பத்தி: ‘மேற்படி பிரதிவாதி, இன்று முற்பகல், வேண்டுமென்றே...’ டேப்பைக் காணோம். 

11.55. டேப் கிடைத்தது. சட்டை மாற்றிக்கொண்டு போகிறேன்.

அதே நாள், மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சான்றாவணத்துக்காக அல்ல.

சந்து வழியாகச் சுற்றி 14பி வாசலுக்குப் போக ஆறு நிமிடம் ஆனது. பூட்டவில்லை, சாத்தியிருந்தது. உள்ளே போனேன். சுவர் நேராக நின்றது. ஒரு காரைகூட உதிரவில்லை.

பிரதிவாதி சுவரோரம் தரையில் கிடந்தார். பக்கத்தில் நான்கு கால் வைத்த அலுமினிய நடைவண்டி சாய்ந்து கிடந்தது. அவருடைய இடது கை, அவருடையது அல்லாதது போல உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அது இன்றைக்கு இழுத்தது அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

அவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

“அளந்துட்டியால?” என்றார். சொல் குழறியது. கேலி குழறவில்லை.

“எம்புட்டு நேரமா கெடக்க?”

“நீ வாரது வரைக்கும்.”

தூக்கினேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஒரு காலத்தில் என்னைத் தோளில் வைத்து ஆற்றைக் கடந்தவர், இவ்வளவு லேசாக இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. கட்டிலில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தேன். பாதி வழிந்தது. டேப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் திணித்தேன்.

கட்டிலுக்கு எதிரே அலமாரியின் மேல் ஒரு சின்ன வெள்ளைக் கேமரா. என் பக்கம் பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விளக்கு சிவப்பாக விட்டு விட்டு எரிந்தது. நெட் கிடைக்காவிட்டால் அப்படித்தான் எரியுமாம்.

பன்னிரண்டேகாலுக்கு மதினி சண்முகவடிவும் உலகம்மாளும் சேர்ந்து வந்தார்கள். கையில் தையல் துணி இல்லை, மருந்துப் பை இருந்தது. என்னை அங்கே பார்த்ததும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“தம்பி...” என்றாள் மதினி. “மஸ்கட்டுலேருந்து அருணா பதறிப் போயி போன் பண்ணுதா. பத்து மணிலேருந்து அப்பாவக் காணல, படம் இருண்டு போச்சுன்னு. நாங்க வெளிய போனா அவதான் அங்கேருந்து பாத்துக்குவா. விழுந்தா ஒடனே போன் பண்ணுவா. இன்னைக்குன்னு பாத்து... கரண்டு போச்சா தம்பி?”

“போச்சு மதினி,” என்றேன்.

மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. மதினி அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. உலகம்மாள் பார்த்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். எலும்பு முறியவில்லை. இடுப்பில் அடி. திங்களும் வியாழனும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் நடைப்பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம்.

பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரை நாற்பது நிமிடம். அதில் சார்ஜுக்கு, மனுவுக்கு, டேப்புக்கு, சட்டைக்கு எவ்வளவு என்று மேலே பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

நேற்று வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தடையை எடுத்தேன். ரவுட்டர் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. அடைக்கும்போது கேட்கவில்லை.

இன்று காலை உலகம்மாள் தானாகவே சொன்னாள். பிப்ரவரியில் பக்கவாதம். நெட் அவள்தான் கொடுத்தாள். காலண்டரைப் பார்த்துப் படித்துச் சொல்வாளாம். கஞ்சியும் அங்கேதான் போனது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அத்தான் சத்தியம் வாங்கிட்டாவ. ‘அவனுக்குத் தெரிஞ்சா கேச விட்டுருவான். நான் எரக்கத்துல ஜெயிக்கக் கூடாது, அளந்து ஜெயிக்கணும்’னாவ.”

நான் காப்பியை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தேன்.

“நேத்து கரண்டு போகல, என்ன?” என்றாள்.

நான் காப்பி ஆறிவிட்டது என்றேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக்கி வந்து வைத்தாள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாரித்து வைத்திருக்கிறேன். மணிக்கு மணி அது சுருங்கிக்கொண்டே வருகிறது.

ஜூன் 22, சனி

14பி-க்குப் போனேன். ரவுட்டர் சம்பந்தமான ஆய்வு. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அலமாரியிலிருந்து குரல் வந்தது.

“சித்தப்பா! நான் அருணா பேசுதேன். சவுண்டு கேக்கா?”

கேமராவுக்கு வாயும் உண்டு என்பது எனக்குத் தெரியாது. எழுந்து நின்றுவிட்டேன்.

“கேக்கு, தாயி.”

“நேத்தும் இன்னைக்கும் படம் பளிச்சுன்னு இருக்கு சித்தப்பா. என்ன பண்ணுனிய?”

பிரதிவாதி கட்டிலில் இருந்தபடி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். வலது பக்க உதடு மட்டும் மேலே போனது.

“கரண்டு வந்துட்டாம்,” என்றார்.

ஜூன் 24, திங்கள்

முகவரி ஒதுக்கீடு: ஒரு கருவிக்கு மட்டும் வாடகை எண் போதாது என்றால், அதன் மச்சத்தைக் குறித்து நிரந்தரக் கதவு எண் கொடுத்துவிடுவது. பிறகு அது எத்தனை முறை போய் வந்தாலும் அதே எண். வேறு யாருக்கும் அந்த எண் கிடையாது.

சகாயத்தை வைத்து ஐந்தாவது கருவிக்கு இதைச் செய்தேன். குழாயில் தண்ணீர் குறைந்தால் முதல் பங்கு அதற்கே போகும்படியும் செய்யச் சொன்னேன். இனி அமைச்சர் வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றாலும் சரி.

“எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? நீங்க ஒரு கையெழுத்து போட்டா ஒங்க மாடி வழியா அவ்வொளுக்குத் தனி லைனே இழுத்துருவேன். அர மணி நேர சோலி.”

முடியாது என்றேன். தடையுத்தரவு இன்னும் அமலில் இருக்கிறது. உத்தரவை வாங்கியவனே அதை மீறுவது முறையல்ல. ஆகவே அந்தக் கருவி என் ரவுட்டரிலேயே இருந்தாக வேண்டும். வேறு வழியில்லை.

சகாயம் வெகு நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “சட்டம்னா சட்டம்தான்,” என்றார்.

பட்டியலில் கருவிக்குப் பெயர் போடக் கட்டம் இருக்கிறது. ‘பிரதிவாதி’ என்று அடிக்கத் தொடங்கினேன். நீளமாக இருந்தது. ‘அண்ணன்’ என்று போட்டேன். எழுத்து குறைவு.

பெயர்ப்பலகையிலிருந்து ‘ஏ மட்டும்’ என்பதையும் எடுத்துவிட்டேன். ‘14’ போதும்.

ஜூலை 2, செவ்வாய்

நீதிமன்றம். எதிர்த்தரப்பு வரவில்லை. பாலையா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இன்னைக்கோட முடிஞ்சுது அண்ணாச்சி. ஏழு அங்குலமும் ஒங்களுக்குத்தான்.”

வாய்தா வாங்கச் சொன்னேன். அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று இரண்டு முறை சொன்னேன்.

“ஜெயிக்கப் போற நேரத்துல வாதி வாய்தா கேப்பானா? என்ன காரணம் எழுத?”

“ஒடம்பு சரியில்லன்னு எழுதுங்க.”

எழுதினார். யாருக்கு என்று மனுவில் குறிப்பிடவில்லை. செப்டம்பருக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 9, செவ்வாய்

காலை 7.10. மூன்று வாரத்துக்குப் பிறகு தட்டுச் சத்தம். என் பக்கம் கூடவே நடந்தேன். பாதியில் நின்றது. நின்றேன். மறுபடி தொடங்கியது.

அண்ணன் இன்று நான்கு அடி.

நின்ற இடத்தில் என் பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். சுவர் யாருடையது என்பது தீர்ப்புக்கு உட்பட்டது. நாளைக்குக் கோடு தள்ளிப் போக வேண்டும்.